நீல ஸ்பிரிங் எதைத் தீர்க்கிறது? டீசல் டிரக்கின் எரிபொருள் அழுத்தம் பற்றிய நீண்ட வாதம்

டீசல் டிரக் ஒன்றில் இன்ஜெக்டர்கள் அடுத்தடுத்துப் பழுதானால், அவற்றுக்குப் போகும் டீசலின் அழுத்தம் குறைந்ததுதான் காரணமா? அதுதான் காரணம் என்றால், அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்தால் போதுமா, அதைவிட வலுவாக ஆக்க வேண்டுமா, அல்லது ரெகுலேட்டரை விட்டுவிட்டு வேறிடத்தில் கை வைக்க வேண்டுமா? அமெரிக்காவின் ஃபோர்டு சூப்பர் டியூட்டி டிரக்குகளைச் சுற்றி இந்தக் கேள்வி நெடுங்காலமாக ஓய்ந்தபாடில்லை. 1994-இல் வந்த 7.3 லிட்டர் பவர் ஸ்ட்ரோக் எஞ்சினிலேயே அது முளைத்துவிட்டது. 2003 முதல் 2007 வரையிலான மாடல்களில் வந்த 6.0 லிட்டர் பவர் ஸ்ட்ரோக்கில்தான் உச்சத்தைத் தொட்டது.

இரண்டு எஞ்சின்களையும் ஃபோர்டுக்காகத் தயாரித்தது நாவிஸ்டார் நிறுவனம். 6.0 எஞ்சினின் உத்தரவாதச் செலவு யார் தலையில் விழ வேண்டும் என்ற தகராறு முற்றி, இரு நிறுவனங்களும் 2007-இல் நீதிமன்றம் போய் 2009-இல் சமரசம் ஆயின. பெருநிறுவனங்களே குற்றத்தை ஒன்றன்மேல் ஒன்று சுமத்திய ஓர் எஞ்சினில், பணிமனைகளும் வண்டிச் சொந்தக்காரர்களும் ஆளுக்கொரு குற்றவாளியைச் சுட்டியதில் வியப்பில்லை. அவற்றில் மலிவானது ஒரு ஸ்பிரிங். நீல நிறம் பூசிய, சற்றே நீளமான ஸ்பிரிங்.

டீசல் போகும் வழி

வாதத்தை எடைபோட, டீசல் எந்த வழியில் போகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். 6.0 எஞ்சினில் டாங்கிலிருந்து வரும் டீசல், ஓட்டுநர் பக்கத்துச் சேசிஸ் சட்டத்தில் மாட்டியிருக்கும் ஒரு பெட்டிக்குள் நுழைகிறது. மின்பம்ப், தண்ணீர் பிரிப்பான், 10 மைக்ரான் முதல் ஃபில்டர் மூன்றும் அதற்குள்ளேயே இருக்கின்றன. அங்கிருந்து எஞ்சின் மேல் உள்ள 4 மைக்ரான் இரண்டாம் ஃபில்டருக்குப் போகிறது. ரெகுலேட்டர் இருப்பது இந்த இரண்டாம் ஃபில்டர் கூட்டின் பக்கவாட்டில். அழுத்தம் குறித்த அளவைத் தாண்டினால், ஸ்பிரிங் தாங்கிப் பிடித்திருக்கும் சிறு வால்வு திறந்து, மிஞ்சிய டீசலை ரிட்டர்ன் லைன் வழியே திருப்பி அனுப்பிவிடும். மிச்சம் இரு சிலிண்டர் ஹெட்டுகளுக்குள் போய் எட்டு இன்ஜெக்டர்களையும் அடைகிறது.

இந்த இன்ஜெக்டர்கள் எஞ்சின் ஆயிலின் அழுத்தத்தால் இயங்குபவை. ஆயில் ஒரு பெரிய பிஸ்டனை அழுத்த, அது தன்னைவிட ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு பரப்புள்ள பிளஞ்சரைத் தள்ளி, டீசலை 26,000 பி.எஸ்.ஐ. வரை அழுத்திப் பீய்ச்சுகிறது. இவ்வளவு அழுத்தம் உள்ளேயே உருவாகும்போது, வெளியிலிருந்து வரும் 45 அல்லது 60 பி.எஸ்.ஐ. எந்த மூலைக்கு என்று தோன்றலாம். அந்தச் சிறு அழுத்தத்தின் வேலை வேறு. பிளஞ்சர் மேலே திரும்பும் மிகக் குறுகிய நேரத்துக்குள், அதன் கீழுள்ள அறையை டீசலால் முழுக்க நிரப்ப வேண்டும். நிரம்பாவிட்டால் அடுத்த முறை இறங்கும் பிளஞ்சர் கொஞ்ச தூரம் வெற்றிடத்தில் பாய்ந்து, பிறகு டீசலில் மோதும். சேதத்துக்குக் காரணமாகப் பெரும்பாலோர் சொல்வது இந்த மோதலைத்தான். ஃபோர்டின் சேவை அளவுகோலும் முழு ஆக்சிலரேட்டரில்கூட அழுத்தம் 45 பி.எஸ்.ஐ.-க்கு, அதாவது ஏறத்தாழ 3.1 பாருக்கு, கீழே இறங்கக் கூடாது என்கிறது.

முதல் விடை: ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது

பழைய ஸ்பிரிங் எஞ்சின் சூட்டிலேயே ஆண்டுக்கணக்கில் அமுங்கிக் கிடந்து விறைப்பை இழக்கிறது, வால்வு முன்கூட்டியே திறந்து டீசலைத் திருப்பி விடுகிறது, அழுத்தம் சரிகிறது. முதல் தரப்பின் வாதம் இவ்வளவுதான். ஃபோர்டே உதிரிபாகமாக விற்ற நீல ஸ்பிரிங் கிட்டை மாட்டினால் ஐட்லிங்கில் 45-க்கும் 55-க்கும் இடையே ஊசலாடிய முள் 60-ஐத் தாண்டி நிற்கிறது. நூறு டாலருக்குள் முடிகிற வேலை. எட்டு இன்ஜெக்டர்களை மாற்ற ஆயிரக்கணக்கில் ஆகும் என்பதால், முன்னெச்சரிக்கையாக மாட்டிவிடுவதே புத்திசாலித்தனம் என்கிறார்கள்.

இந்தச் சிந்தனை புதிதல்ல. 7.3 எஞ்சின் காலத்திலேயே ஃபில்டர் கிண்ணத்தில் இருந்த ரெகுலேட்டரைக் கழற்றி, ஸ்பிரிங்குக்கு அடியில் வாஷர் வைத்தவர்கள் உண்டு. ஸ்பிரிங்கையே இழுத்து நீட்டி மாட்டியவர்களும் உண்டு. பின்னதைப் பழுதுபார்ப்பு என்று சொல்ல மனம் வரவில்லை. இழுத்து நீட்டிய ஸ்பிரிங் எவ்வளவு காலம் அந்த நீளத்தில் நிற்கும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. நீல ஸ்பிரிங் அந்தக் கைவேலையை முறைப்படுத்திய வடிவம் எனலாம்.

இத்தரப்பின் பலம் அதன் எளிமை, பலவீனமும் அதிலேதான். ரெகுலேட்டர் அழுத்தத்தை உண்டாக்குவதில்லை, மிஞ்சியதை வெளியே விடுகிறது, அவ்வளவே. மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியில் வழிவுக் குழாயை ஓர் அடி உயர்த்தி வைத்தால், மோட்டாருக்குத் தெம்பு இருந்தால்தான் தண்ணீர் அந்த உயரத்துக்கு ஏறும். வீட்டில் எல்லாக் குழாய்களையும் திறந்துவிட்ட நேரத்தில் தொட்டி பாதிக்கு இறங்கினால், வழிவுக் குழாய் எங்கே இருந்தால் என்ன?

இங்கே ஓட்டத்தின் அளவையும் பார்க்க வேண்டும். 325 குதிரைத்திறனை முழுமையாகத் தரும்போது இந்த எஞ்சின் மணிக்கு 65 லிட்டர் அளவில் டீசல் குடிக்கும் என்று தோராயமாகக் கணக்கிடலாம். சமதள நெடுஞ்சாலையில் சீராக ஓடும்போது 15 லிட்டர் போதும். ஐட்லிங்கில் இரண்டு மூன்று லிட்டர். ஐட்லிங்கில் 60 காட்டும் முள், பாரம் இழுத்து மேடேறும்போது என்ன காட்டும் என்பதை ஐட்லிங் அளவு சொல்லாது. முழுப் பாரத்தில் அழுத்தம் 40-க்கு இறங்குகிறது, பழைய ஸ்பிரிங் வால்வைத் திறக்கும் அளவு 45 என்று வைத்துக்கொள்வோம். அப்போது வால்வு ஏற்கனவே மூடியிருக்கும். மூடிய வால்வை இன்னும் வலுவாக மூடுவதால் ஒரு சொட்டும் கூடுதலாகப் போகாது.

எனினும் முதல் தரப்பை அப்படியே ஒதுக்கிவிடவும் முடியாது. வால்வின் இருக்கை தேய்ந்தோ, இடையில் தூசி சிக்கியோ அது முழுதாக மூடாமல் இருக்கலாம். ஸ்பிரிங் மிகவும் தளர்ந்து 35-லேயே திறக்கலாம். பம்ப் நல்ல தெம்போடு இருக்க, குறைந்த அளவில் திறக்கும் ரெகுலேட்டர் மட்டுமே அதை அடக்கிவைத்திருக்கலாம். இம்மூன்றிலும் புது கிட் முழுப் பாரத்திலும் பலன் தரும். ஆக ஸ்பிரிங் உதவுமா என்ற கேள்விக்கு ஒரே பதில் இல்லை. அழுத்தம் குறைந்த அந்த நேரத்தில் ரிட்டர்ன் லைனில் டீசல் ஓடிக்கொண்டிருந்ததா என்பதைப் பொறுத்தது அது. ஓடியிருந்தால் குற்றம் ரெகுலேட்டரில். ஓடவில்லையென்றால் வேறெங்கோ. ஸ்பிரிங்கை ஆதரிப்பவர்களும் எதிர்ப்பவர்களும் பெரும்பாலும் சோதிக்காமல் கடந்துபோவது இந்த ஒரு அளவைத்தான்.

இரண்டாம் விடை: பம்ப்பும் அதற்கு முன்னால் உள்ளவையும்

இரண்டாம் தரப்பு, ஸ்பிரிங் நோயை மறைக்கும் மருந்து என்கிறது. பம்ப் களைத்திருக்கலாம்; மின்கம்பி இணைப்பு துருப்பிடித்து வோல்டேஜ் குறைந்திருக்கலாம்; ஃபில்டர் அடைத்திருக்கலாம்; டாங்கிலிருந்து வரும் உறிஞ்சு குழாய் எங்கோ ஏர் எடுக்கலாம். சில ஃபோர்டு வண்டிகளில் டாங்கின் உட்பூச்சே செதில் செதிலாக உரிந்து ஃபில்டரை அடைத்ததும் உண்டு. இப்படிப்பட்ட வண்டியில் நீல ஸ்பிரிங்கை மாட்டினால் ஐட்லிங்கில் கேஜ் அழகாக நிற்கும், சொந்தக்காரர் நிம்மதியடைவார், மேட்டில் ஏறும்போது இன்ஜெக்டர் பழையபடி பட்டினி கிடக்கும். களைத்த பம்ப்பை உயர்ந்த அழுத்தத்துக்கு எதிராகத் தள்ள வைப்பது அதன் மின்னோட்டத்தையும் சூட்டையும் கூட்டும் என்பதும் இவர்கள் எச்சரிக்கை.

இந்த நிலைப்பாட்டுக்கு வலுச் சேர்ப்பது ஃபோர்டு அல்ல, பக்கத்து முகாமின் வரலாறு. 1998-இன் நடுவிலிருந்து 2002 வரை டாட்ஜ் ராம் டிரக்குகளில் வந்த 5.9 லிட்டர் கம்மின்ஸ் எஞ்சினில், போஷ் வி.பி.44 டீசல் பம்ப்புக்கு எரிபொருள் ஊட்டிய சிறு மின்பம்ப் பலவீனமானது என்று பேர் வாங்கியது. ஊட்டும் பம்ப் சத்தமில்லாமல் சாக, விலையுயர்ந்த வி.பி.44 அதன் பின்னே போயிற்று. அங்கேயும் எத்தனை பி.எஸ்.ஐ. வேண்டும் என்ற சண்டை நடந்தது. அதைக் கூர்ந்து கவனித்தவர்கள், அழுத்தத்தைவிட முக்கியமானது பம்ப்புக்குள் ஓடிக் குளிர்வித்துத் திரும்பும் டீசலின் அளவு என்றார்கள். அழுத்தம் என்ற எண் ஓட்டத்தின் நிழல் மட்டுமே என்ற இந்தக் கருத்து இன்றும் முழுதாக மறுக்கப்படவில்லை.

காற்றைப் பிரித்தெடுக்கும் வசதியோடு வெளிநிறுவனங்கள் விற்கும் பெரிய ஊட்டுபம்ப்கள் இத்தரப்பின் வழிவந்தவை. தொழிற்சாலைப் பம்ப்பையும் ஃபில்டரையும் மொத்தமாகத் தூக்கிவிட்டு இவற்றை வைக்கச் சொல்வார்கள். செலவு பன்மடங்கு. திறன் கூட்டாத, அன்றாட வேலைக்கு ஓடும் வண்டிக்கு அது தேவையா என்பது சந்தேகமே. ஒழுங்காக இயங்கும் தொழிற்சாலைப் பம்ப், தொழிற்சாலைத் திறனுக்குப் போதாது என்று காட்ட, புது ஃபில்டரும் சரியான வோல்டேஜும் இருக்கும்போது முழுப் பாரத்தில் எடுத்த அளவு வேண்டும். ஐட்லிங்கில் எடுத்த படம் சான்றாகாது.

மூன்றாம் விடை: ரெகுலேட்டர் இருக்கும் இடமே தவறு

மூன்றாம் தரப்பு வாதத்தை வேறு தளத்துக்கு எடுத்துப்போகிறது. தொழிற்சாலை அமைப்பில் ரெகுலேட்டர் ஹெட்டுகளுக்கு முன்னாலேயே இருக்கிறது. ஹெட்டுக்குள் போகும் பாதை ஒரு முட்டுச்சந்து. போன டீசல் எரிய வேண்டியதுதான், திரும்பி வராது. ஃபில்டர் கூட்டில் காற்று வெளியேறச் சிறு துளை உண்டு. ஆனால் அதைத் தாண்டி ஹெட்டுக்குள் நுழைந்துவிட்ட காற்றுக்கு இன்ஜெக்டர் வழியைத் தவிர வேறு போக்கில்லை. எட்டு இன்ஜெக்டர்கள் மாறி மாறித் திறந்து மூடும்போது முட்டுச்சந்துக்குள் அலையெழும் என்பதும், கடைசியில் உள்ள இன்ஜெக்டருக்கு வரும் அழுத்தம் முதலில் உள்ளதற்கு வருவதைப் போல இராது என்பதும் இவர்கள் சொல்வது.

தீர்வாக ரெகுலேட்டரை ஹெட்டுகளுக்குப் பின்னால் நகர்த்துகிறார்கள். டீசல் ஹெட்டுகளுக்குள் புகுந்து, மறுபுறம் வெளியேறி, அங்கே உள்ள திருகிச் சரிசெய்யும் ரெகுலேட்டரைக் கடந்து டாங்குக்குத் திரும்பும். காற்றும் சூடும் கூடவே போய்விடும்.

இயந்திரவியல் தர்க்கத்தில் மூன்றில் இதுவே மிகச் சீரானது என்று எனக்குத் தோன்றுகிறது. பெட்ரோல் எஞ்சின்களின் எரிபொருள் ரெயிலில் ரெகுலேட்டரைக் கடைசியில் வைப்பது நெடுங்காலப் பழக்கம். 7.3 எஞ்சினில் எட்டாம் சிலிண்டரிலிருந்து எழும் தனித்த தட்டல் ஓசைக்கும், அந்தச் சிலிண்டருக்கு மட்டும் சில ஆண்டு மாடல்களில் தொழிற்சாலையே வேறுவகை இன்ஜெக்டரைக் கொடுத்ததற்கும் இந்த முட்டுச்சந்தே காரணம் என்று இத்தரப்பார் காட்டுவார்கள். அந்த மாற்றம் நடந்தது உண்மை. அதற்குக் காரணம் அழுத்த வேறுபாடுதான் என்பது ஊகம், நியாயமான ஊகம்.

குறைகளும் உண்டு. குழாய்கள், இணைப்புகள், ஓ-ரிங்குகள் எல்லாம் கூடுகின்றன; ஒவ்வொன்றும் கசியக்கூடிய ஓர் இடம். சூடான எஞ்சின்மேல் டீசல் கசிவது அற்பமான விஷயமல்ல. ஹெட்டைச் சுற்றி வந்த சூட்டோடு டீசல் டாங்குக்குத் திரும்புவதால் டாங்க் டீசலின் வெப்பம் ஏறும். பலவீனமான பம்ப்பை வைத்துக்கொண்டு இந்த அமைப்பை மாட்டினால் முதல் தரப்பின் தவறே கூடுதல் செலவில் திரும்ப நடக்கும். கேஜ் உணரியை ஃபில்டர் கூட்டின் சோதனைத் துளையில் வைத்து அளப்பவர்களால் ஹெட்டுக்குள் என்ன நடக்கிறது என்று சொல்லவே முடியாது என்ற இவர்களின் ஆட்சேபணையை மட்டும் மற்ற இரு தரப்பும் பதில் சொல்லாமல் விட்டுவிட்டன.

நான்காம் விடை: அழுத்தத்தை விடுங்கள்

சந்தேகவாதிகளின் தரப்பு இது. 6.0 இன்ஜெக்டர் சாவதற்கு வழிகள் பல. அவற்றை இயக்கும் மின்பெட்டி 48 வோல்ட் தர வேண்டும். பேட்டரியும் ஆல்டர்னேட்டரும் சோர்ந்தால் அது குறையும். இன்ஜெக்டரின் மேல்பகுதியில் ஆயிலைத் திருப்பிவிடும் ஸ்பூல் வால்வில் பழைய ஆயிலின் பிசுபிசுப்பு படிந்து, குளிரில் அது ஒட்டிக்கொள்ளும். இவை தரும் அறிகுறிகளும் (காலையில் தடுமாறும் ஐட்லிங், தட்டல் ஓசை, பிக்கப் இன்மை) அழுத்தக் குறைவு தரும் அறிகுறிகளும் ஏறத்தாழ ஒன்றே.

இவர்களின் கூரிய வாதம் நோயைப் பற்றியதல்ல, சான்றைப் பற்றியது. நீல ஸ்பிரிங் மாட்டியபின் வண்டி நன்றாக ஓடுகிறது என்று சொல்பவர், அதே நாளில் இரண்டு ஃபில்டர்களையும் மாற்றியிருப்பார், ஆயிலை மாற்றியிருப்பார், ஒருவேளை மின்பெட்டியையும் பழுதுபார்த்திருப்பார். எது குணமாக்கியது? தவிரவும் பணிமனைக்கு வருபவை கெட்ட வண்டிகள். பழைய ஸ்பிரிங்கோடு சிரமமில்லாமல் ஓடுபவை எண்ணிக்கையில் வருவதேயில்லை. இதற்குப் பதில் சொல்வது கடினம். ஆனால் இதை நீட்டி, அழுத்தத்துக்குப் பங்கே இல்லை என்பது வரம்பு மீறல். தயாரிப்பாளரே 45 என்று கீழ்வரம்பு வகுத்திருப்பது காரணமில்லாமல் அல்ல.

டீசலே மாறியதும்

நான்கு தரப்பும் குறைவாகவே பேசுவது எரிபொருளைப் பற்றி. அமெரிக்காவில் 2006-இல் நெடுஞ்சாலை டீசலின் கந்தக வரம்பு 500 பி.பி.எம்.-இலிருந்து 15-ஆகக் குறைந்தது. கந்தகத்தை நீக்கும் சுத்திகரிப்பு டீசலின் இயல்பான வழுவழுப்பையும் குறைக்கும் என்பதால், 2005 முதலே தரக்குறிப்பில் வழுவழுப்புக்குத் தனி வரம்பு சேர்க்கப்பட்டது. அரோமாட்டிக் சேர்மங்கள் குறைந்த டீசல், பழைய நைட்ரைல் ஓ-ரிங்குகளைச் சுருங்க வைத்துக் கசியச் செய்யும். 7.3 எஞ்சின்களின் ஃபில்டர் கிண்ணத்தையும் ரெகுலேட்டரையும் பழுதுபார்ப்பவர்கள் வைட்டான் ஓ-ரிங்குகளை நாடுவது இதனால்தான். ஸ்பிரிங் வாதத்தில் மூழ்கியவர்கள் பலர், ரெகுலேட்டரில் முதலில் சாவது ரப்பர் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

கழற்றுவதும் மாட்டுவதும்

6.0-இல் வேலை நீண்டதல்ல. இரண்டாம் ஃபில்டரின் மூடியைத் தளர்த்தி அழுத்தத்தை இறக்கிவிட்டு, ரெகுலேட்டர் மூடியின் சிறு நட்சத்திரத் தலைத் திருகுகளைக் கழற்ற வேண்டும். இடம் நெருக்கடியானது, திருகுகளின் தலை மழுங்கினால் பத்து நிமிட வேலை அரை நாளாகும். உள்ளே வால்வின் இருக்கையில் கீறலோ துகளோ உண்டா என்று பார்ப்பதுதான் இந்த வேலையின் உண்மையான சோதனை. இருக்கை பழுதாகியிருந்தால் எந்த நிற ஸ்பிரிங்கும் அதை மூடாது. புது கேஸ்கெட்டோடு மூடியபின், எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியைச் சில முறை திருப்பி, பம்ப் ஓடிக் காற்றை வெளியேற்ற விட்டு, கசிவு பார்த்துவிட்டே ஸ்டார்ட் செய்ய வேண்டும். கேபினுக்குள் கேஜ் வேண்டுமானால் மின் உணரியோடு கூடியதே தகும். டீசல் குழாயை நேராக டேஷ்போர்டுக்குக் கொண்டுவருவது ஆபத்து.

ஒரு குழப்பத்தையும் விலக்கிவிடலாம். 2001-இல் டியூராமேக்ஸ் எஞ்சினோடு அமெரிக்கப் பிக்கப் டிரக்குகளில் பரவத் தொடங்கிய காமன் ரெயில் அமைப்பிலும் பிரஷர் ரெகுலேட்டர் உண்டு. அது கணினி ஆளும் மின்வால்வு, சீராக்கப்படுவதில்லை, மாற்றப்படுகிறது. ரெயிலின் ரிலீஃப் வால்வுக்கு அடியில் வாஷர் வைத்தோ, அதை அடைத்தோ ‘மேம்படுத்துவது’ 7.3 பழக்கத்தின் தவறான தொடர்ச்சி. அங்கே இருப்பது 60 பி.எஸ்.ஐ. அல்ல, 20,000-க்கு மேல். அந்த வால்வு பாதுகாப்புக்காக வைத்தது.

இன்னும் தீராதவை

எவ்வளவு அழுத்தம் போதும் என்பது முதலாவது. 45-க்குக் கீழே தீங்கு என்பதில் கருத்தொற்றுமை உண்டு. 45-இலிருந்து 60-க்கு ஏற்றினால் இன்ஜெக்டரின் ஆயுள் கூடுமா, அல்லது மனநிம்மதி மட்டும் கூடுமா என்பதற்கு அத்தகைய உறுதி இல்லை. பிளஞ்சர் அறை முழுதாக நிரம்பிவிட்டால் அதற்குமேல் அழுத்தத்தால் நிரப்ப ஏதுமில்லை. அந்த எல்லை எங்கே என்பது எஞ்சின் வேகத்தையும் இன்ஜெக்டரின் அளவையும் பொறுத்து நகரும். பெரிய இன்ஜெக்டர் போட்டவருக்குப் பொருந்தும் எண்ணைத் தொழிற்சாலை இன்ஜெக்டர்காரருக்குப் பரிந்துரைப்பது அதனால் சரியாக இராது.

ஹெட்டுகளுக்குள் உள்ள வேறுபாடு இரண்டாவது. இருபக்க ஹெட்டுகளிலும் ஒரே நேரத்தில், முழுப் பாரத்தில் எடுத்த அளவுகள் பரவலாகக் கிடைத்தால் மூன்றாம் தரப்பின் கூற்று நிற்கவோ விழவோ செய்யும். அதுவரை அது நல்ல தர்க்கமாகவே இருக்கும்.

மூன்றாவது, காலம். பிக்கப் டிரக்கில் வந்த கடைசி 6.0 எஞ்சின்கூட 2007 மாடல். இன்று சாலையில் இருப்பவற்றில் ஸ்பிரிங் மட்டுமல்ல, கம்பியிணைப்பு, குழாய், பம்ப், டாங்க் எல்லாமே முதுமையடைந்தவை. பலவற்றில் முந்தைய சொந்தக்காரர்கள் செய்த, எங்கும் பதிவாகாத மாற்றங்கள் வேறு. இப்போது அளக்கும் 42 பி.எஸ்.ஐ. தொழிற்சாலையின் வடிவமைப்புக் குறையா, இருபது ஆண்டுத் தேய்மானமா என்று இந்த வண்டிகளை வைத்துப் பிரித்தறிவது ஆண்டுக்காண்டு கடினமாகி வருகிறது.